கரையில் நின்று கூறப்படும் தீர்ப்பு

வாடைக்காற்று வலுக்கத் தொடங்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் திருகோணமலைக் கரையோரத்திலிருந்து வரும் செய்திகளுள் ஒருவகைச் செய்தி வாசகர்க்குப் பழகிப்போன ஒன்று. கடலுக்குச் சென்ற படகொன்று கரை திரும்பவில்லை; இருவரோ மூவரோ காணாமற்போயுள்ளனர்; தேடுதல் நடைபெறுகின்றது. செய்தியின் கடைசி வாக்கியமும் பெரும்பாலும் மாறுவதில்லை. கடலுக்குச் செல்லவேண்டாமென அறிவுறுத்தப்பட்டிருந்தும் அவர்கள் சென்றனர் என்பதே அது. அவ்வொரு வாக்கியத்தோடு விசாரணை முடிந்து தீர்ப்பும் கூறப்பட்டுவிடுகின்றது. மாண்டவன் குற்றவாளியாகின்றான், எச்சரித்தவர் கடமை தீர்ந்தவராகின்றார், வாசித்தவர் ஒரு கணம் இரங்கிப் பக்கத்தைப் புரட்டுகின்றார்.

இத்தீர்ப்பு நியாயமற்றது. மேலும், அடுத்த ஆண்டும் அதே செய்தி வருவதற்கு வழிசெய்வதும் இதுவே. மாண்டவனின் பிடிவாதமே சாவுக்குக் காரணமென்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், அவனுக்குக் கொடுக்கப்பட்ட எச்சரிக்கை எத்தகையது, அது எவ்வேளையில் எம்மொழியில் அவனைச் சென்றடைந்தது, அதன்படி ஒழுகும் வசதி அவனுக்கு இருந்ததா என்னும் வினாக்கள் எழுவதில்லை. எழவேண்டிய அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எச்சரிக்கை எனப்படுவது யாது?

திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறை ஊடாக மன்னார் வரையான கடற்பரப்பில் காற்று மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீற்றர் வரை வலுக்கலாம் என்றும், கடல் இடைக்கிடை கொந்தளிக்கலாம் என்றும், கடலில் பயணஞ் செய்வோரும் மீனவரும் அவதானமாயிருத்தல் வேண்டும் என்றும் அறிவிக்கும் வாசகம் ஈழத்துக் கடலோர மக்கள் அனைவர்க்கும் மனப்பாடமானது. வானொலியில் வந்த அவ்வாசகம் இன்று கையடக்கத் தொலைபேசியிலும் வருகின்றது. வரும் வழி மாறிற்றேயன்றி வாசகத்தின் இயல்பு மாறவில்லை.

இதனை ஒரு கடற்றொழிலாளியின் நிலையில் நின்று நோக்குதல் வேண்டும். விடியற்காலை இரண்டு மணிக்குச் சல்லியிலோ நிலாவெளியிலோ படகின் அருகில் நிற்கும் ஒருவனுக்கு இவ்வாசகம் எதைக் கூறுகின்றது? திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கரையோரமாக ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர் தூரம் உண்டு. அத்தூரத்துள் எவ்விடத்தில் காற்று வலுக்கும்? காலையிலா, மாலையிலா? கரையிலிருந்து ஐந்து கிலோமீற்றருள்ளும் அபாயம் உண்டா, அதற்கப்பாலே மட்டுமா? ‘அவதானமாயிருத்தல்’ என்பதற்குப் போகாதிருத்தல் என்பது பொருளா, போய் விரைவில் திரும்புதல் என்பது பொருளா? இவற்றுள் ஒன்றுக்கும் விடை அதில் இல்லை. ஒருவன் முடிவெடுக்க வேண்டிய வேளையில் அவன் முடிவுக்கு உதவாத சொல் எச்சரிக்கை என்னும் பெயருக்கு உரியதாகுமா?

எண்கள் கூறப்படும்போதும் அவற்றின் பொருள் கூறப்படுவதில்லை. காற்றின் வேகம் மணிக்கு முப்பது கிலோமீற்றரிலிருந்து அறுபதாக உயருமாயின் அதன் தாக்கு விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதே காரணம். அலையின் உயரம் பற்றிய எண் இதனினும் மயக்கம் தருவது. அறிவிப்புகளில் இடம்பெறும் அலையுயரம் கடலியலார் வகுத்த ஓர் அளவாகும். ஒரு வேளையில் எழும் அலைகளுள் மிகவுயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரியே அது. அதே கடலில் சில மணி நேரம் நிற்பவன் அவ்வளவைப்போல ஏறத்தாழ இருமடங்கு உயரமான அலையொன்றையேனும் சந்திக்கக்கூடும். இரண்டரை மீற்றர் என்று கேட்டுப் புறப்பட்டவன் ஐந்து மீற்றருக்கு அண்மிய அலையைக் காண்பானாயின், அவனுக்கு வந்து சேர்ந்த அறிவிப்பில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் உண்மையும் அவனைச் சென்றடையவில்லை. அவன் படகைக் கவிழ்ப்பது சராசரி அலையன்று, அந்த ஓர் அலையே.

அமைதியான துறைமுகமும் அதற்கு வெளியேயுள்ள கடலும்

திருகோணமலையின் நில அமைப்பே இச்சிக்கலை வேறெங்குமில்லாத அளவுக்குக் கூர்மைப்படுத்துகின்றது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென அதற்குப் பெயர் உண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் அதன்பொருட்டுப் போரிட்டனர். பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டு வரை அதனைத் தன் தளமாக வைத்திருந்தது. அவர்கள் விரும்பியது உட்துறைமுகத்தின் அமைதியை. மலைகளும் முனைகளும் சூழ்ந்த அந்நீர்ப்பரப்பு வெளியே கடல் குமுறும் நாளிலும் குளம்போலக் கிடக்கும்.

அவ்வமைதியே ஏமாற்றுவதுமாகும். உட்துறைமுகத்தின் குறுகிய வாயிலைக் கடந்தால் கொட்டியாரக்குடா. அக்குடாவோ வாடைக்காற்று வரும் திசைக்கு வாயைத் திறந்து கிடப்பது. வங்கக் கடலின் நெடும் பரப்பைக் கடந்து வரும் அலைக்கு அங்கே தடை ஏதுமில்லை. குடாவின் தென்பாகத்தில் மகாவலி கங்கை கடலோடு கலக்கின்றது. மலைநாட்டில் பெய்த மழை வெள்ளமாக இறங்கும் நாட்களில், வெளியேறும் ஆற்றுநீரும் உள்நுழையும் கடலலையும் எதிர்ப்படும் இடத்தில் அலைகள் குறுகிச் செங்குத்தாக எழும். குடாவின் நடுவே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அண்மையிலேயே தொடங்கிப் பேராழத்துக்கு இறங்குகின்றது. ஆழம் இடத்துக்கிடம் இவ்வளவு விரைவாக மாறும் நீரில் அலை எங்கும் ஒரே அளவாக நிற்பதில்லை. ஓரிடத்தில் விரிந்து தணியும், வேறோரிடத்தில் குவிந்து உயரும்.

ஆகவே, கரையிலுள்ள அலுவலகத்தின் சாளரத்தினூடாகத் துறைமுகத்தைப் பார்ப்பவனுக்குக் கடல் தெரிவதில்லை. கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையின் உச்சியில் நின்று வெளிக்கடலை நோக்குபவனுக்கும், கிண்ணியாவின் களப்போரத்தில் நின்று நோக்குபவனுக்கும் ஒரே நாளில் இருவேறு கடல்கள் தோன்றும். இத்தகையதொரு மாவட்டத்துக்கு, மன்னார் வரை நீளும் கடலோடு சேர்த்து ஒரே வாக்கியத்தில் எச்சரிக்கை விடுப்பது அறிவுக்குப் பொருந்துவதாமோ?

கடலோடியின் கணிப்பும் அதன் எல்லையும்

எச்சரிக்கை கூறாத இடத்தைக் கடற்றொழிலாளி தன் கணிப்பால் நிரப்புகின்றான். வாடைக்கும் கச்சானுக்கும் சோளகத்துக்கும் கொண்டலுக்கும் தனித்தனிப் பெயரிட்டு வைத்திருப்பது சொல்லலங்காரம் அன்று, அது தொழிலறிவு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தரையிலிருந்து வீசும் கச்சானின்போது கிழக்குக் கரையோரக் கடல் அடங்கியிருக்கும். அடங்கிய அக்கடலில், இயந்திரம் நின்றுபோன படகைக் காற்று கரைக்குத் தள்ளாது ஆழ்கடலுக்கே இழுத்துச் செல்லும் என்பதை அவன் அறிவான். காற்று இல்லாத நாளில் நீண்ட இடைவெளியோடு வந்து புரளும் அலை தொலைவில் எங்கோ எழுந்த புயலின் தூது என்பதை அறிவான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் திரளும் கருமுகிலின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று திடீரெனப் பாயுமாயின், வலையை வெட்டிவிட்டேனும் கரை திரும்பவேண்டும் என்பதையும் அறிவான். கரைவலைச் சம்மாட்டியாரின் வாடியில் தலைமுறை தலைமுறையாகக் கற்கப்பட்ட பாடங்கள் இவை. இவற்றை மூடநம்பிக்கையென ஒதுக்குவோர், வளிமண்டலவியல் பாடநூல்களும் இவற்றையே வேறு சொற்களிற் கூறுகின்றன என்பதை அறியாதவர்.

எனினும் இவ்வறிவைத் தெய்வீகமாக்கி, முன்னோர் அறியாதது எதுவுமில்லை என்று முழங்குவோரின் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. மரபறிவு என்பது நினைவின் தொகுதி. நினைவில் இல்லாததை அது முன்னறியாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை சுமாத்திராவை அண்டி நிலம் அதிர்ந்தபின் கிழக்கிலங்கைக் கரையை ஆழிப்பேரலை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அவ்விரண்டு மணி நேரமும் வீணாயிற்று. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில், நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையிலிருந்த சிமேலுவே என்னும் தீவில் பல்லாயிரவர் வாழ்ந்தும் மாண்டோர் ஒரு சிலரே. 1907ஆம் ஆண்டின் பேரலையை அத்தீவினர் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்திருந்தனர். நிலம் அதிர்ந்தவுடன் மேட்டுக்கு ஓடினர். திருகோணமலைக் கரையில் அத்தகைய நினைவு இருக்கவில்லை. நினைவு இல்லாதவிடத்து அதனை ஈடுசெய்யவேண்டியது அறிவியல். அன்று இந்துமாகடலுக்கு அத்தகைய எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை.

மரபறிவின் இன்னோர் எல்லையை 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் காட்டிற்று. குமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பல நாட்கள் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர். நவம்பர் மாதத்து இறுதி நாட்களில் எச்சரிக்கை வெளிவந்தபோது அவர்களுட் பலர் ஏற்கெனவே கடலின் நடுவில் இருந்தனர். கரையிலிருந்து அனுப்பப்பட்ட சொல் அவர்களை எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காணாமலும் போயினர். அவர்களைப் பற்றியும் எச்சரிக்கையை மதிக்காதவர் என்று கூறியோர் உளர். கேளாத சொல்லை மீறுவது எவ்வாறு என்பதை அவர்கள் விளக்கினாரில்லை.

பனிமலையிலிருந்து ஒரு பாடம்

கடலுக்கு மிகத் தொலைவான ஓரிடத்திலிருந்து இங்கு ஓர் உவமை கொள்ளுதல் தகும். பனி தமிழர்க்கு முற்றிலும் அயலான பொருளன்று. 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில் சரிவில் புதையுண்ட பத்துப் படைவீரரும் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தோர்; அவருள் தமிழ்நாட்டவரும் இருந்தனர். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலையிலோ பொழுதுபோக்குக்காகப் பனிச்சறுக்கு ஆடுவோரே இவ்வபாயத்தை ஆண்டுதோறும் எதிர்நோக்குகின்றனர். கயிற்றூர்தியும் காவலும் உள்ள பாதைகளை விட்டு நீங்கித் தாமே மலையேறிச் சறுக்கி இறங்கும் அவர்களுக்கு அந்நாட்டு அறிவியலாளர் என்ன கூறுகின்றனர், எவ்வாறு கூறுகின்றனர் என்பது கருதத்தக்கது.

ஈரப்பனியின் இயல்பு இதுவாகும். குளிரில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து நிற்கும். வெயிலோ மழையோ பட்டு உருகிய நீர் உள்ளிறங்கும்போது அப்பிணைப்புகள் கரையும். இறங்கிய நீர் அடியிலுள்ள இறுகிய படையை அடைந்து தேங்குமாயின், அதன்மேல் கிடக்கும் பாரமெல்லாம் வழுக்கிச் சரியும். தெளிந்த வானுடைய இரவில் அப்பனி மீண்டும் உறைந்து கெட்டியாகும். மேகம் மூடிய இரவில் உறையாது. ஆகவே இளவேனிற் காலத்தில் ஒரே சரிவு விடியலில் பாதுகாப்பானதாகவும் நண்பகலில் கொலைக்களமாகவும் இருக்கும். கிழக்கு நோக்கிய சரிவு முதலிலும், தெற்கு நோக்கியது அடுத்தும், மேற்கு நோக்கியது பிற்பகலிலும் இளகும். இதனை அறிந்தோர் இருள் நீங்குமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவர். கால் கணுக்காலுக்கு மேல் புதைவது, பனி தானே உருண்டையாகத் திரண்டு சரிவில் உருள்வது, இரவில் உறையாமற்போனது ஆகிய அறிகுறிகளைக் கண்டால், எவ்வளவு தூரம் ஏறியிருந்தாலும் திரும்பிவிடுவர்.

சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்திலிருந்து 1945ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்கு அறிக்கை வெளிவருகின்றது. 1993ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய நாடுகள் ஐந்து படிகள் கொண்ட பொதுவான அபாய அளவைப் பின்பற்றுகின்றன. அவ்வறிக்கை ‘மலையில் அவதானம் தேவை’ என்று கூறி அமைவதில்லை. எவ்வுயரத்துக்கு மேல், எத்திசை நோக்கிய சரிவில், எக்காரணத்தால் அபாயம் என்று கூறும். ஈரப்பனிக் காலத்தில் காலைக்கு ஒரு நிலையும் பிற்பகலுக்கு வேறு நிலையும் வகுத்துக் கூறும். அதற்கு மேலும் செல்பவன் தன் கண்ணால் எவற்றைப் பார்க்கவேண்டும் என்பதையும் கூறும். முடிவு அவனுடையது, முடிவுக்கு வேண்டிய அறிவு அவனுக்குக் கொடுக்கப்பட்டது. விளையாட்டுக்காக மலையேறுபவனுக்குக் கிடைக்கும் இம்மதிப்பு, பிள்ளைகளின் சோற்றுக்காகக் கடலேறுபவனுக்கு ஏன் கிடைத்தலாகாது?

இது செல்வ நாடுகளுக்கே இயலும் என்று விடையிறுப்போர் உள்நாட்டைச் சற்று நோக்கட்டும். மலைநாட்டு மண்சரிவுக்கு இலங்கையிலேயே இத்தகைய முறை உண்டு. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவுவாரியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுக்கின்றது. மண்ணுக்கு இயன்றது கடலுக்கு இயலாதென்பது பொருந்தாது.

பேரிடர் நாளும் நடுத்தர நாளும்

பெரும்புயல்களை முன்னறிந்து மக்களைக் காக்கும் ஆற்றல் வளர்ந்துள்ளது என்பதை மறுத்தற்கில்லை. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது இருந்த நிலை வேறு. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாள் இரவு திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே புரெவிப் புயல் கரையேறியபோது இருந்த நிலை வேறு. பின்னதில் பல்லாயிரவர் முன்கூட்டியே இடம்பெயர்க்கப்பட்டனர். படகுகள் கரைமேல் இழுத்து வைக்கப்பட்டன. பெயர் சூட்டப்பட்ட புயலுக்கு எவரும் அஞ்சுவர்.

ஆனால் பனிமலையார் கண்ட உண்மையொன்று இங்கும் பொருந்தும். ஐந்தாம் படியில் அபாயம் நிற்கும் நாளில் மலைக்கு எவரும் செல்வதில்லை. அங்கு மிகுதியான சாவுகள் நேர்வது மூன்றாம் படியிலேயே. போகலாம் என்றும் போகலாகாது என்றும் இருதலையாகத் தோன்றும் நாளே கொல்லும் நாள். கடலிலும் சிறு படகுக்குப் பொல்லாத நாள் அத்தகையதே. காற்று சற்று மிகை; வானம் சற்று மூட்டம்; அயலவன் போய்விட்டான்; மண்ணெண்ணெய்க்குக் கடன் வாங்கியாயிற்று. அந்நாளில்தான் நுட்பமான அறிவிப்பு தேவை. அந்நாளில்தான் வழக்கமான வாசகம் வருகின்றது. மாதத்தில் பல நாட்கள் வரும் ஒரே வாசகம் காதுக்குப் பழகிவிடும். நேற்றும் வந்தது, நேற்றுச் சென்றவன் மீனோடு திரும்பினான் என்னும் நினைவே மிஞ்சும். எதற்கும் எச்சரிப்பது எதற்கும் எச்சரிக்காமைக்கு ஒப்பாகும்.

போகாதிருத்தலின் விலை

அறிவு முழுமையாகக் கிடைத்தாலும் அது மட்டும் போதாது. போகாதிருத்தற்கு ஒரு விலை உண்டு. அதனைச் செலுத்துபவன் யார் என்பதே வினா. அலுவலகத்தில் பணிபுரிபவனுக்கு மழைநாளிலும் சம்பளம் உண்டு. படகில் பங்குக்குத் தொழில் செய்பவனுக்குப் போகாத நாளில் பங்கு இல்லை. வாடைக்காலத்தில் அத்தகைய நாட்கள் ஒன்றிரண்டு அல்ல, வாரக்கணக்கில் தொடர்பவை. ஒருவன் பத்து நாட்கள் அறிவுரைப்படி வீட்டிலிருந்து பதினோராம் நாள் சென்று மாள்வானாயின், அவன் கீழ்ப்படியாதவன் என்று எழுதப்படுகின்றது. கீழ்ப்படிந்த பத்து நாட்களும் எவ்வேட்டிலும் எழுதப்படுவதில்லை.

இவ்வநீதி கடலுக்கு மட்டும் உரியதன்று. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியபோதும், அங்கு வாழ்வது ஆபத்தென முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது என்ற செய்தி உடனே வெளிவந்தது. அறிவித்தவர் உண்மையே கூறினர். ஆனால் நிலமும் வீடும் சொந்தமாக இல்லாத தோட்டத் தொழிலாளி லயனை விட்டு எங்கே செல்வான்? 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலத்தின் கட்டுமானம் முடியாதிருந்த நீர்ப்பரப்பைக் கடக்க மக்கள் ஏறிய படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர். அப்பாதையில் ஏறியதற்கு அச்சிறுவரைக் குறைகூறுவார் உண்டா? மாற்றுவழி இல்லாதவன் எடுக்கும் முடிவைத் துணிச்சல் என்பதும் அறியாமை என்பதும் ஒருங்கே பிழையாம்.

போகாதிருத்தற்கு ஈடு கொடுத்தல் நடைமுறைக்கு ஒவ்வாதது என்பர். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப் படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அக்காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகின்றது. தொகை போதாது என்ற முறைப்பாடு வேறு. கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. மீன் இனம்பெருகுதற்பொருட்டு மனிதனைக் கரையில் இருத்தி ஈடு கொடுக்கலாமெனின், மனிதன் உயிர்வாழ்தற்பொருட்டு அவ்வாறு கொடுத்தல் எங்ஙனம் ஒவ்வாததாகும்?

தடையும் அதன் வரலாறும்

எச்சரிக்கையைக் கட்டளையாக்கித் தண்டனையும் சேர்த்துவிட்டால் சிக்கல் தீரும் என்போரும் உளர். இவர்கள் திருகோணமலையின் அண்மைக்கால வரலாற்றை மறந்தவர். 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர்க்காலத்தில் இக்கரையோர மக்களுக்குக் கடல் பலகாலும் தடைசெய்யப்பட்ட இடமாயிருந்தது. போகும் நேரமும் தூரமும் படகின் இயந்திர வலுவும் அனுமதிச்சீட்டும் பிறரால் விதிக்கப்பட்டன. அத்தடைகளின் நோக்கம் கடற்றொழிலாளியின் பாதுகாப்பன்று. ஒரு தலைமுறை முழுவதும் ‘போகாதே’ என்னும் சொல்லைச் சந்தேகத்தின் சொல்லாகவே கேட்டு வளர்ந்தது. அதே சொல்லை இன்று அக்கறையின் சொல்லாகக் கேட்கவேண்டுமாயின், அது காரணத்தோடும் விளக்கத்தோடும் வரவேண்டும். அவர்கள் மொழியிலும் வரவேண்டும்.

மொழி பற்றிய பேச்சு உணர்ச்சிவயப்பட்டதென ஒதுக்கப்படலாகாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாட்டைச் சீரழித்தபோது, தமிழில் எச்சரிக்கைகள் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென வகுத்தது. புயல் மொழி பார்த்து வீசுவதில்லை. எச்சரிக்கை மட்டும் மொழி பார்த்துப் பிந்துமாயின், பிந்திய ஒவ்வொரு மணியும் ஒருவருடைய உயிராகலாம்.

வேண்டுவன

கடலில் நேரும் சாவு அனைத்தையும் எவ்வறிவிப்பும் தடுத்துவிடாது. கடற்றொழிலாளி ஒருபோதும் பிழைசெய்வதில்லை என்பதும் வாதமன்று. உயிர்காப்பு அங்கியைப் படகின் அடியில் போட்டுவிட்டுச் செல்வோரும், மிகைப்பாரம் ஏற்றுவோரும், இளையோரின் ஏளனத்துக்கு அஞ்சித் திரும்பாதோரும் உளர். அப்பிழைகளைக் கடற்றொழிலாளர் சங்கங்களே எடுத்துரைத்துத் திருத்தவேண்டும். அச்சங்கத்தார் கூறினால் ஏறும் சொல் பிறர் கூறினால் ஏறாது.

அரசு செய்யவேண்டியவை வேறு. மாவட்டத்தின் கடலைக் குறைந்தது மூன்றாகவேனும் பகுத்து, கொட்டியாரக்குடாவுக்கும் நிலாவெளி முதல் புல்மோட்டை வரையான திறந்த கரைக்கும் ஆழ்கடலுக்கும் தனித்தனியாக, முற்பகல் பிற்பகல் என வேளை குறித்து, படிப்படியான அபாய அளவோடு அறிவிப்பு விடுத்தல் வேண்டும். கூறப்படும் அலையுயரத்தைவிட உயர்ந்த அலை வரும் என்பதை ஒவ்வோர் அறிவிப்பிலும் சொல்லுதல் வேண்டும். கரை திரும்பும் தண்டையல்மாரிடம் அன்றாடம் கடல் நிலையைக் கேட்டுப் பதிந்து, முன்கணிப்பு எங்கே பொய்த்தது என்பதை அடுத்த நாள் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். கேட்கப்படுபவனே கேட்கவும் செய்வான். கரையிலிருந்து அகன்ற படகுக்கும் சொல் எட்டும் கருவி கொடுத்தல் வேண்டும். மேற்படிகள் நிலவும் நாட்களுக்கு ஈட்டுத்தொகை வகுத்தல் வேண்டும். இவை யாவும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேளையில் நிகழ்தல் வேண்டும்.

பழந்தமிழ் இலக்கணம் நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என வகுத்தது. கடலின் கரையில் நின்று வராத ஒருவனை எதிர்நோக்கும் துயரம் அக்கவிதை மரபில் அழகு பெற்றது. கவிதைக்கு அது தகும், ஆட்சிக்குத் தகாது. இரங்கலைத் தவிர வேறொன்றும் செய்யாது, இரங்கியபின் மாண்டவன்மீதே பழியைச் சுமத்தும் வழக்கம் இனியேனும் ஒழிதல் வேண்டும். அடுத்த வாடையில் ஒரு படகு திரும்பாத செய்தி வருமாயின், அதன் கடைசி வாக்கியம் மாறட்டும். அவனுக்கு அன்று என்ன கூறப்பட்டது, எப்போது கூறப்பட்டது, போகாதிருக்க அவனுக்கு வழி இருந்ததா என்பதை அவ்வாக்கியம் கூறட்டும். தீர்ப்பு அதன்பின் வரட்டும்.